உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் சின்னத் தச்சு மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலைப் பார்த்த ஊர்களில் இருந்துகொண்டு, வீட்டிலேயே ஒரு முக்காலியோ ஜன்னல் சட்டமோ கோழிக்கூடோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இங்கே சொல்லும் மேசை நாலடி நீளம், இரண்டடி அகலம். ஒரு பிளைவுட் ஷீட்டும் ஒன்றே முக்கால் கன அடி மரமும் போதும். சட்டங்களை ஆப்பு அடித்து இறுக்குகிறோம். இரும்பு ஏறக்குறைய இல்லை. நம் கரையில் மேசை செய்வதென்றால் இரும்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பல பதில்கள் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதானே நம் பழக்கம்? மேசை எதற்கு?

ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலால் பலகையைப் பிடித்துக்கொண்டு இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பல வருடப் பழக்கத்தில் வரும் பிடி. உடம்பே அங்கே கிளாம்ப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி எடுக்கிறவருக்கு அந்தப் பிடி வராது. பலகை நழுவும், உளி கையைப் பார்க்கும். பலகையை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் மேசையின் முதல் வேலை. வைத்து வேலை பார்க்க ஓர் இடம் என்பது அதற்கு அப்புறம்தான்.

தரை வேலையை விட்டுவிடவும் வேண்டாம். இந்த மேசையின் மேல்பலகை தனியாகக் கழன்று வரும். கதவு மாதிரி பெரிய சாமான் வந்தால் பலகையை எடுத்துத் தரையில் நாலு கட்டை மேல் வைத்துக்கொள்ளலாம்.

வெல்டிங் பட்டறையில் இரும்புக் கால் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடியும். ஆனால் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அது 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கும். ஆகவே மழையே பெய்யாத பங்குனி வெயிலிலும் நம் ஊர் இரும்பு முழுதாகக் காய்வதில்லை. வெளியே பெயிண்ட் அடித்தாலும் சதுரக் குழாயின் உள்பக்கம் யாரும் அடிப்பதில்லை. வெல்டிங் வைத்த இடத்தில் பெயிண்ட் முதலில் உரியும். உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும், வெளியே தெரியும்போது கால் பாதி போயிருக்கும்.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நூறு வருடத்துக்கு மேல் காப்பாற்ற ஓயாமல் பெயிண்ட் அடிப்பதும் துருப்பிடித்த பாகங்களை மாற்றுவதுமாக இருந்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே அவ்வளவு வேலை வைக்கும் காற்று இது. வீட்டு மேசைக்கு மரம் போதும், மரம்தான் நல்லது.

எந்த மரம் வாங்கலாம்?

கால்களுக்கும் சட்டங்களுக்கும் வேம்பு. நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், கனமும் இருக்கும், பூச்சி அவ்வளவாக அண்டாது. இழைக்கும்போது பின்னிய ரேகை கொஞ்சம் மல்லுக்கட்டும். இழைப்புளியைக் கூராக வைத்துக்கொண்டு மெல்லிசாகச் சீவினால் வழிக்கு வரும். வேப்பந்தூள் மூக்கை எரிக்கும் என்பதால் துணியையாவது கட்டிக்கொள்ளுங்கள். பூவரசு கிடைத்தால் அதுவும் அருமை. வள்ளத்துக்கு விலா வைக்கிற மரம், தண்ணீருக்குப் பழகினது. தேக்கு வேண்டியதில்லை. அந்தப் பணத்தை நல்ல பிளைவுட்டில் போடுங்கள்.

பனை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பனைமரத்தில் வெளிவட்டம்தான் வைரம், உள்ளே சோறு. கருத்த நார் உளியின் முனையை உடனே மழுங்கடிக்கும், சிலாம்பு கையில் ஏறும். கூரைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, துளை அடித்து மூட்டுப் போடும் வேலைக்கு ஒத்துவராது. பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பனஞ்சட்டத்தைக் கீழ்த்தட்டைத் தாங்கப் பயன்படுத்தலாம். மேசைக்காக ஒரு பனையை வெட்ட நினைக்கவே வேண்டாம். அது நம் மாநில மரம், வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும்.

சீமைக் கருவேலம் ஊர் முழுக்க நிற்கிறதே, அது உதவாதா?

ரொம்ப நல்ல கேள்வி. ராமநாதபுரத்தில் அதை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் மட்டுமே நினைக்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை கெட்டியானது, கனமானது, காயும்போது சுருங்குவதும் வளைவதும் மிகக் குறைவு. குறை ஒன்றுதான்: நேராக மூன்றடி கிடைப்பது அபூர்வம். ஆகவே கால் செய்ய முடியாது. ஆனால் இந்த மேசையில் ஓரடிக்குக் குறைந்த துண்டுகள் நிறைய வேண்டியிருக்கிறது. ஆப்புகள், முளைகள் (மர ஆணிகள்), இழைப்புத் தடுப்பு (இழைக்கும்போது பலகை முட்டி நிற்கும் கட்டை), கொட்டாப்புளியின் (மரச் சுத்தியல்) தலை, எல்லாவற்றுக்கும் இதை விட்டால் வேறு கட்டை தேட வேண்டாம். விறகுக்கடையில் தொடைப் பருமனுள்ள கட்டையாகப் பொறுக்கி எடுங்கள். ஓரத்திலுள்ள வெளிர்மஞ்சள் பாகத்தைச் செதுக்கி எறிந்துவிடுங்கள், உளுக்கிற பகுதி அதுதான். பழுப்பு நிற வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முள்ளில் கவனம்.

பழைய படகுப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. மேல்பலகைக்குப் போடலாமா?

அயினிப் பலகையாக இருந்தால் மரம் நல்ல மரம்தான். ஆனால் வருடக்கணக்காகக் கடல்நீரில் ஊறி உப்பைக் குடித்திருக்கிறது. அதன் மேல் உளியை ஓர் இரவு வைத்தால் காலையில் துருத்தடம் விழுந்திருக்கும். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் ரம்பப் பல் போகும். கோழிக்கூட்டுக்கும் திண்ணைப் பெஞ்சுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகள் தொடும் இடத்துக்கு வேண்டாம்.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீன் தராசு இருக்கிறதா? அது போதும். அறுவை மில்லிலிருந்து வந்த சட்டங்களில் ஒன்றில் அடையாளம் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை தொங்கவிட்டு நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். முதலில் வேகமாகக் குறையும். மூன்று நாலு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் நம் ஊர்க் காற்றுக்கு அந்த மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. மூன்றங்குலக் கனமுள்ள பச்சை வேம்புக்குச் சில மாதங்கள் ஆகும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் நுனி வெடிக்கும். நிழலில், காற்றுப் படுகிற மாதிரி, இடையிடையே குச்சி கொடுத்து அடுக்குங்கள். நுனிகளில் மெழுகோ பழைய பெயிண்டோ தடவிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு சரிவராது. தை பிறந்த பிறகு தொடங்குவது உத்தமம்.

பிளைவுட்டை எப்படி வெட்டச் சொல்ல வேண்டும்?

எட்டுக்கு நாலு ஷீட், 18 மி.மீ. கனம். மரைன் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். கடைக்காரரிடம் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி வெட்டித் தரச் சொன்னால் நாலுக்கு இரண்டு அடியில் நாலு துண்டு வந்துவிடும். ரம்பம் தின்னும் மூன்று மி.மீ. போகட்டும், ஒரு நஷ்டமும் இல்லை. ஆட்டோவிலும் ஏறும்.

இரண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் 36 மி.மீ. கனத்தில் மேல்பலகை. மூன்றாவது கீழ்த்தட்டு. நாலாவதை அப்படியே வைத்திருங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஒட்டுவதற்குத் தண்ணீர் தாங்கும் பசை வேண்டும். ஃபெவிகால் மரைன் மாதிரியானது. விடியற்காலையில் ஒட்டுங்கள், பத்து மணி வெயிலில் நீங்கள் பரப்பி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடும். சமதரையில் பழைய பேப்பர் விரித்து, முழுப் பரப்பிலும் மெல்லிசாகப் பசை தேய்த்து, மேல் துண்டை வைத்து (மேசையில் பிறகு இதுதான் அடிப்பக்கமாக வரும்), அதன் வழியாகப் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ இறக்கி, மேலே தண்ணீர்க் குடங்களை அடுக்கிவிடுங்கள். மறுநாள் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றிவிட வேண்டும். பின்னால் துளை போடும்போது அவை குறுக்கே வரும். தவிர, இரும்பு உள்ளே இருக்கக்கூடாது என்பதுதானே நம் பேச்சு.

ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசினை ஒட்டுவதற்கு எடுக்கலாமா?

படகு வேலைக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். மரத்தோடு அதன் பிடிப்பு குறைவு, வருடம் போனால் உரிந்து வரும். எபாக்ஸி என்றால் தாராளமாக எடுக்கலாம்.

உயரம் எவ்வளவு?

வேலை பார்க்கும்போது போடும் செருப்போடு நேராக நில்லுங்கள். கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் உங்கள் மேசை. பெரும்பாலோருக்கு 31-லிருந்து 34 அங்குலத்துக்குள் வரும். இழைப்பு வேலை அதிகமென்றால் ஓரங்குலம் குறையுங்கள், உடம்பின் பாரம் இழைப்புளி மேல் இறங்க வேண்டும். சமையல் மேடை உயரத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

ஆப்பு வைத்த மூட்டு எப்படி வேலை செய்கிறது? ஆடாதா?

இந்த மேசையின் உயிரே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றங்குலச் சதுரத்தில் நாலு கால். இரண்டிரண்டு காலாகச் சேர்த்து, மேலே ஒரு குறுக்குச் சட்டம், தரையிலிருந்து மூன்றங்குலம் தள்ளிக் கீழே ஒன்று. இப்படி இரண்டு பக்கச் சட்டகங்கள். குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழைய நுனியில் ஒடுக்கிச் செதுக்கிய பகுதி, காலின் துளைக்குள் இரண்டங்குலம் இறங்க வேண்டும். இவற்றைப் பசை போட்டு, முளை அடித்து, நிரந்தரமாக மூடிவிடுங்கள். சட்டகத்தின் அகலம் 20 அங்குலம்.

இரண்டு சட்டகத்தையும் இணைப்பவை, ஐந்தங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள இரண்டு நீளச் சட்டங்கள். கீழ்க் குறுக்குச் சட்டத்துக்குச் சற்று மேலே வரும். ஒவ்வொன்றும் 45 அங்குலம். இவற்றின் கழுந்து காலைத் துளைத்து மறுபக்கம் மூன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டலில் மேலிருந்து கீழாக ஒரு துளை. அதில்தான் ஆப்பு இறங்கும்.

கவனம் வேண்டிய இடம் இது: ஆப்புத் துளையின் உள்விளிம்பு காலின் வெளிமுகத்தோடு சரியாக நிற்கக்கூடாது. ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், காலுக்குள் போயிருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்க, துளையின் உள்விளிம்பில் முட்டாமல் காலை அழுத்தும், மூட்டு இறுகும். சரியாக விளிம்பில் துளை போட்டால் ஆப்பு சும்மா நிற்கும், மேசை ஆடும். துளைக்கு அப்பால் நுனிவரை குறைந்தது ஒன்றரை அங்குலம் மரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆப்பு அடிக்கும்போது ரேகையோடு பிளந்து வரும். ஆப்பின் சரிவு எட்டுக்கு ஒன்று போதும். அதிகச் சரிவு வைத்தால் தட்டத் தட்ட மேலே எழும்பும்.

மழைக்காலத்தில் மரம் உப்பி மூட்டு தானாக இறுகும். கோடையில் சுருங்கித் தளரும். அப்போது கொட்டாப்புளியால் ஆப்பின் தலையில் இரண்டு தட்டு. போல்ட் போட்ட மேசையில் இதே தளர்ச்சி வரும்போது நட் துருப்பிடித்துத் திரும்பாது. ஸ்பானர் போட்டால் தலை உருண்டுவிடும்.

இன்னொரு லாபம், நாலு ஆப்பைத் தட்டி எடுத்தால் மேசை பத்து நிமிடத்தில் பிரிந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தாலோ, தாழ்வான வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று பயந்தாலோ, துண்டு துண்டாகப் பரணில் ஏற்றிவிடலாம். மேல்பலகைதான் இருப்பதிலேயே கனம், அதுவே பதினேழு பதினெட்டு கிலோ. ஒருவர் தூக்கலாம்.

மேல்பலகையைக் காலோடு எப்படிப் பொருத்துவது?

மேல் குறுக்குச் சட்டங்களில் சட்டத்துக்கு இரண்டாக நாலு மரமுளை நிற்கட்டும். பலகையின் அடியில் அதே இடத்தில் ஓரங்குல ஆழத் துளை. மேலிருந்து இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கக் கால்களும் பலகையின் முன்விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கதவையோ நீளப் பலகையையோ நிறுத்திவைத்து ஓரம் இழைக்கும்போது அது காலில் சாய்ந்து நிற்கும். மிச்ச நாலங்குலம் பின்பக்கம் தள்ளியிருக்கட்டும்.

வைஸ், அதாவது மரத்தைத் திருகி இறுக்கும் பிடி, வாங்க வேண்டாமா?

கட்டாயமில்லை. முன்விளிம்பிலிருந்து மூன்றங்குலம் தள்ளி, நாலங்குலத்துக்கு ஒன்றாக 19 மி.மீ. துளைகள் போடுங்கள். அதில் சீமைக் கருவேல முளைகள். பலகையின் ஒரு நுனி முளையில் முட்டட்டும். இன்னொரு பக்கம் ஒரு முளை, அதற்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு. தட்டினால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் விடும். ஓரம் இழைக்க, முன்விளிம்பின் இடது கோடியில் வாய்வைத்த கட்டை ஒன்றைப் பொருத்தி, பலகையின் நுனியை அதில் செருகி ஆப்படித்தால் நிற்கும். அடியில் தாங்க, முன் காலிலும் இரண்டு முளைத்துளை.

இரும்பு வைஸ் வைத்தே ஆகவேண்டுமென்றால் திருகில் கிரீஸும் மேலே துணியுறையும் எப்போதும் இருக்க வேண்டும்.

சுவரில் மடக்கி வைக்கும் மேசை இன்னும் இடத்தை மிச்சப்படுத்துமே?

பெயிண்ட் அடிக்க, எழுத, ரேடியோ பிரித்துப் பார்க்க அது போதும். இழைக்கவும் உளி அடிக்கவும் ஆகாது. நம் வீட்டுச் சுவர்களில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. அந்தச் சுவரில் இறக்கிய போல்ட் ஒவ்வொரு இழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி விடும்.

மேசை நகர்கிறது. என்ன செய்ய?

மொத்தமாக அறுபது கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். வேகமாக இழைத்தால் இதுவும் நகரலாம். கீழ்த்தட்டில் பாரம் ஏற்றுங்கள். செங்கல் வைக்கலாம், ஆற்றுமணல் மூட்டை வைக்கலாம். கடற்கரை மணலை மட்டும் கொண்டுவராதீர்கள், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேசையின் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கரையான்?

காலை மண்தரையில் நேராக நிறுத்தாதீர்கள். கிரானைட் துண்டு, பழைய டைல் எதுவானாலும் சரி, அடியில் ஒன்று இருக்கட்டும். காலின் அடிநுனியில்தான் ஈரமும் ஏறும், கரையானும் ஏறும். அந்த நுனியை எபாக்ஸியில் இரண்டு முறை தோய்த்துக் காயவிடுங்கள். வேப்பெண்ணெய் தடவுவது நல்லதுதான், ஆனால் சில மாதத்தில் வீரியம் போய்விடும். திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து மண்தடம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதை எந்த மருந்தும் ஈடுசெய்யாது.

மேலே என்ன பூசுவது?

பிளைவுட்டின் நாலு ஓரமும் துளைகளின் உள்பக்கமும்தான் தண்ணீர் நுழையும் வழி. அங்கே வார்னிஷ் மூன்று கோட். அடிப்பக்கத்தையும் விடக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். மேல்முகத்துக்கு வார்னிஷ் வேண்டாம், பலகை வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுத் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது: காயும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்து இதைச் சொல்கிறேன்.

வள்ளத்துக்கு அடிக்கிற முந்திரிக்கொட்டை எண்ணெய் மேசைக்கு ஆகாது. தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

ஸ்க்ரூ போட்டே ஆகவேண்டிய இடத்தில்?

துருப்பிடிக்காத எஃகில் 316 என்ற தரத்தைக் கேளுங்கள். அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். சாதாரணமாகக் கிடைக்கும் 304 நம் காற்றில் தேநீர்க் கறை மாதிரி பழுப்படிக்கும், ஆனாலும் உடனே பலம் போய்விடாது. பளபளவென்று துத்தநாகம் பூசிய மலிவு ஸ்க்ரூவை வாங்க வேண்டாம்.

மேசையில் உளி, இழைப்புளியை வைத்துக்கொள்ளலாமா?

வேலை நேரத்தில் மட்டும். முடிந்ததும் துடைத்து, மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி, மூடியுள்ள மரப்பெட்டியில் போடுங்கள். விரல் வேர்வையும் உப்புத்தான். ஆடிக் காற்றில் இன்னொரு தொல்லை உண்டு: மணல். ஜன்னல் வழியாக மேசை மேல் படிந்த நுண்மணலைத் துடைக்காமல் பலகையை வைத்து இழைத்தால் அலகு ஒரே இழைப்பில் பல்லாகிவிடும். அந்த மாதங்களில் மேசை மேல் துணி விரித்தே வையுங்கள்.

நாலாவது பிளைவுட் துண்டு என்ன ஆயிற்று?

அதில் பாதியை, இரண்டடிக்கு இரண்டடி, மூடுபலகையாக வையுங்கள். மோட்டார் பிரிப்பது, பெயிண்ட் கலக்குவது, பசை ஊற்றுவது எல்லாம் அதன் மேல்தான். மேசைப் பலகையில் எண்ணெய் படிந்தால் பிறகு ஒட்டும் மரத்தில் பசை பிடிக்காது.

மீதியில் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம் வெட்டி, ஒரு நுனியில் மேல்பக்கமும் எதிர் நுனியில் அடிப்பக்கமுமாக இரண்டு கட்டையை ஒட்டிவிடுங்கள். அடிக்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல்கட்டையில் மரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்து ரம்பம் போடலாம். ரம்பம் மேசையைத் தொடாது. மேல்கட்டையை மூலைமட்டம் வைத்துச் சரியாக ஒட்டினால், அதில் வைத்து அறுக்கும் துண்டுகளும் நேராக வரும். புது மேசையில் முதல் வேலையாக இதையே செய்யுங்கள், அடுத்த வேலை எதுவாக இருந்தாலும் இது தேவைப்படும்.